வெளிச்சத்துக்கு விரித்த மாத்து

தாமிரபரணிக் கரையில், சலவைக்காரர்கள் மேலத்துறை என்று சொல்கிற மணல் திட்டில், வெளிச்சத்திலிருந்து நீலம் உதிரத் தொடங்கிய அந்தப் பங்குனி மாதத்துச் சாய்ந்த வெயிலில், உலகம்மாள் முதலில் நினைத்தது தன்னுடைய சொட்டு நீலம் பாட்டிலை ஆடு ஏதோ தட்டிவிட்டது என்றுதான். காயப்போட்டிருந்த வெள்ளைத் துணிகளின் மேல், மாவு சலிக்கும்போது சல்லடையைச் சுற்றிப் படியுமே அந்த அளவுக்கு மெல்லிசாக நீலம் படிந்திருந்தது. பாட்டிலோ மூடி திருகியபடி கூடைக்குள் பத்திரமாக இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். மேற்கே இறங்கத் தொடங்கியிருந்த சூரியனின் வெயில் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நெல் மூட்டை ஏற்றிய வண்டி போகிற பாதையெல்லாம் நெல் சிந்திக்கொண்டே போவதுபோல, அது போகிற போக்கில் நீலத்தைச் சிந்திக்கொண்டே போனது.

"ஏட்டி முப்பிடாதி, வெயில்லருந்து நீலம் கொட்டுது பாரு."

முப்பிடாதி, உலகம்மாளின் காலஞ்சென்ற கணவருடைய தங்கை, பக்கத்துக் கல்லில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே, "கொட்டினா கொட்டட்டும் மைனி. பாட்டில் வாங்க பஜாருக்கு நடக்க வேண்டாம்லா," என்றாள்.

துறை அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. நீலம் தென்னங்கீற்றில் விழுந்தது, படித்துறைப் பிள்ளையாரின் தும்பிக்கையில் விழுந்தது, எருமையின் முதுகில் விழுந்து அது தண்ணீரில் அமிழ்ந்து எழுந்ததும் கரைந்தது, மோர்ப் பானையில் விழுந்தது, பானையை மூடிக் குடித்தார்கள். பிள்ளைகள் உள்ளங்கையில் தேய்த்துச் சுவரில் அப்பினார்கள். துறைத் தலைவர் பலவேசத்தின் நரைத்த மீசையில் விழுந்தபோது மட்டும் ஊர் இரண்டு நாள் சிரித்தது. அவரும் மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கறுப்பு மை பூசுவதற்கு இது பரவாயில்லை என்று விட்டுவிட்டார். காலையில் சூரியன் கிழக்கிலிருந்து ஏறும்போது வெளிச்சம் மேற்கே போகிற வழியில் உதிர்த்தது. பிற்பகலில் கிழக்கே போகிற வழியில் உதிர்த்தது. உச்சிப் பொழுதில் கொஞ்சம் ஓய்ந்தது.

முப்பிடாதியின் மகள் தங்கக்கனி டவுன் கல்லூரியில் இயற்பியல் படித்தாள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால், மழை வருமா என்பதிலிருந்து பல்வலி வரை எல்லாவற்றையும் அவளிடம் கேட்டார்கள். எதைச் சொல்வதற்கு முன்னும் அவளுக்கு வியர்த்துவிடும்.

"தப்பா இருந்தா ஏசக் கூடாது அத்தே," என்று உலகம்மாளிடம் ஆரம்பித்தாள். "வெயில்ல எல்லா நெறமும் இருக்கு. தலைக்கு நேரா வரும்போது காத்துக்குள்ள கொஞ்ச தூரம் வந்தாப் போதும். சாய்ஞ்சு போகும்போது காத்துக்குள்ளயே ரொம்ப தூரம் போகணும். தூரம் கூடக் கூட நீலம்தான் மொதல்ல செதறும். இது எல்லா ஊர்லயும் நடக்கதுதான். நம்ம ஊர்ல கண்ணுக்குத் தெரியுது, அம்புட்டுதான்."

"கண்ணுக்குத் தெரியதுதான்ட்டி தொந்தரவு," என்றாள் முப்பிடாதி.

தொந்தரவு சித்திரை பிறந்ததும் வந்தது. வெள்ளைத் துணிக்கு ஒரு சொட்டு நீலம் போட்டால்தான் வெள்ளை கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். அந்த ஒரு சொட்டு எவ்வளவு என்பதில்தான் சலவைக்காரியின் பெயர் இருக்கிறது. கூடினால் வெள்ளை போய்விடும். இப்போது வெளிச்சம் தன் இஷ்டத்துக்குப் போட்டது. கல்யாண மண்டபத்து விரிப்புகள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஆயின. வேட்டிகள் லுங்கிக்கும் வேட்டிக்கும் நடுவே ஏதோ ஒன்றாயின. உலகம்மாள் ஒரு நர்சிங் கல்லூரியின் சீருடைகளை வெளுத்துக்கொண்டிருந்தாள்; விடுதிக் காப்பாளர் அம்மா ஒரு சீருடையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னம்மா இது? பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போறாங்களா, நாடகத்துக்குப் போறாங்களா?"

"வெயில்லருந்து விழுதும்மா."

"வெயில் எங்களுக்கும்தான் அடிக்குது," என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்பதாகவும், அதற்கு மேல் தன்னால் முடியாது என்றும் சொன்னார். உலகம்மாளுக்கு அந்தக் கல்லூரியைத் தவிர வேறு பெரிய வாடிக்கை கிடையாது.

அன்றைக்கு வெள்ளாவி அடுப்புகளுக்குப் பக்கத்தில், துணி அவிகிற புகைக்குள், துறை கூடியது. கூரை போடலாம் என்றார்கள் சிலர். கூரைக்குக் கீழே துணி எப்படிக் காயும் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் பலவேசம் நீல மீசையைத் தடவிக்கொண்டு, "தப்பு நம்ம பேர்லதான்," என்றார்.

"நாம என்ன மாமா செஞ்சோம்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"ஒண்ணும் செய்யல, அதான் தப்பு. மாப்பிள்ளை மண்டபத்துக்குள்ள நொழைஞ்சா காலு மண்ணுல படாம நாம மாத்து விரிக்கோம். சப்பரம் தெருவுக்கு வந்தா விரிக்கோம். செத்தவன் போனாலும் விரிக்கோம். இவ்வளவு தூரம் நீலத்தச் சுமந்துக்கிட்டு நடந்து வாரவர், இந்த வெளிச்சம், நம்ம துறையத் தாண்டிப் போறாரு. சுடுமணல்ல வெறுங்காலோட போறாரு. கால் பொத்துப்போயித் தடுமாறுதாரு, சுமை சிந்துது. நாம துணிய எடுத்துக்கிட்டு ஓடுதோம்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. மாத்து, அதாவது நடக்கிறவர் காலடியில் வெளுத்த துணி விரிப்பது, அந்தத் துறைக்காரர்களின் உரிமை. தங்கள் வாசல் வழியாகத் தினமும் இரண்டு தடவை போகிற ஒருவருக்கு அதைச் செய்யாமல் இருந்துவிட்டோமே என்று பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். மறுநாள் விடியுமுன்பே, ஒவ்வொரு வீட்டிலும் இருந்ததிலேயே நல்ல வெள்ளையை எடுத்துவந்து, துறையின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை, ஒன்றின் நுனியை மற்றதன் நுனியோடு முடிந்து, ஒரே நீளமாக விரித்தார்கள்.

வெளிச்சம் அதன் மேல் நடந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் துணி லேசாக அமுங்கி எழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பொட்டு நீலம் உதிரவில்லை. பிற்பகலிலும் அப்படியே, எஜமானர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர் போல நிமிர்ந்து, சுமை குலையாமல், கிழக்கே போனது. வெள்ளைகள் வெள்ளையாகக் காய்ந்தன. விடுதிக் காப்பாளர் அம்மா சீருடையைத் தடவிப் பார்த்து உலகம்மாளுக்குக் காப்பி கொடுத்தார். துறைக்கு மேலே வானம் மட்டும் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது. நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

உலகம்மாளின் தங்கை செல்லக்கிளி அந்தமானில் இருந்தாள். தாய் இல்லாத வீட்டில் உலகம்மாள் இடுப்பில் வைத்து வளர்த்த தங்கை. டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, ராமநாதபுரத்துப் பையன் அருள்தாஸை விரும்பிக் கட்டிக்கொண்டு, அவனோடு கப்பலேறிப் போய்விட்டாள். அவன் அங்கே சின்னப் படகில் மீன் பிடித்தான். அந்தமானில் கடிகாரம் நம்முடையதுதான், பொழுது நம்முடையது அல்ல. இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கிற ஐந்தரை மணிக்கு அங்கே சூரியன் இறங்கிவிடும். அந்த நேரத்துக்குச் செல்லக்கிளி தினமும் ஃபோன் செய்வாள். முதல் பேச்சே வானத்தைப் பற்றித்தான் இருக்கும். "அக்கா, இன்னைக்கு மாம்பழம்." "அக்கா, இன்னைக்குச் செம்பருத்தி, ஓரத்துல கொஞ்சம் கத்தரிக்கா." உலகம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெயிலில் நின்றபடி, கடலுக்கு அப்பால் உள்ள அந்தியைக் காதால் கேட்பாள். அதற்குப் பிறகு அவளுக்கு முதுகுவலி கொஞ்ச நேரம் தெரியாது.

மாத்து விரித்த பிறகு செல்லக்கிளி வேறு மாதிரி பேசினாள்.

"அக்கா, இங்க பொழுது செவக்கவே மாட்டேங்கு. நீலமாவே இருக்கு, இருக்கு, இருக்கு, பொறவு பானைய மூடுன மாதிரி இருட்டிருது."

"மழை மேகமா இருக்கும்ட்டி."

"மேகமே இல்லக்கா. கோழி அடைய மாட்டேங்கு. பிள்ளைங்க வெளையாடிக்கிட்டே இருட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு அழுவுதுங்க. கோயில்ல சாயங்கால மணிய எப்ப அடிக்கதுன்னு தெரியாம, நெனைச்சப்பல்லாம் அடிக்காவ." அவள் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

அங்கே சின்னப் படகுக்காரர்கள் மேற்கே சிவந்ததும் வலையைச் சுருட்டுவார்கள். சிவப்பு இருக்கும்வரை பாறைகளுக்கு நடுவே வழி தெரியும், கரைக்கு வந்துவிடலாம். சிவப்பு வராமல் போகவே, ஒருநாள் அருள்தாஸின் படகு இருட்டில் பாறையில் ஏறிவிட்டது. அவன் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருந்து, விடிந்ததும் முழங்கால் கிழிந்து வந்து சேர்ந்தான். படகை அடைத்துச் சரிசெய்து, இரண்டு நாள் கழித்து மறுபடி போய்விட்டான்.

"போகாதேன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றாள் உலகம்மாள்.

"சொன்னேன். மீனு நடந்து வீட்டுக்கு வருமான்னு கேக்காவ. நேரம் பாத்துத் திரும்பலாம்னு வாட்ச் கட்டிட்டுப் போனாவ. வலை இழுக்கும்போது வாட்ச்ச யாரு பாப்பா? பத்துத் தலைமுறையா வானத்தப் பாத்துத் திரும்புன கூட்டம்." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்கு ரொம்ப வெளிய போயிருக்காவக்கா. இப்ப மணி மூணரை. வானம் ஈயம் பூசுன மாதிரி இருக்கு."

உலகம்மாள் ஃபோனை வைத்துவிட்டு, துவைத்த துணியைப் பிழியாமல் போட்டுவிட்டு, தங்கக்கனியிடம் போனாள். அவள் விடுமுறைக்கு வந்து அம்மாவோடு துணிகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி கனி, நீலம் உதிர்ந்து போனப்பொறவு வெளிச்சத்துல என்ன மிச்சம் இருக்கும்?"

"செவப்பு, அத்தே. மஞ்சளும் கொஞ்சம். அதனாலதான் பொழுது விடியும்போதும் அடையும்போதும்..." அவள் நிறுத்தினாள். கிழக்கே போகிற மாத்தைப் பார்த்தாள். அதன் மேல் வெளிச்சம் சுமை குலையாமல் போய்க்கொண்டிருந்தது. "அத்தே, செல்லக்கிளி அத்தை எங்க இருக்காவ?"

"இந்த வெளிச்சம் போய்ச் சேருத எடத்துல இருக்கா."

தங்கக்கனிக்கு வியர்த்துவிட்டது. தப்பாக இருந்தால் ஏசக் கூடாது என்று இந்த முறை அவள் சொல்லவில்லை.

மாத்தைச் சுருட்டினால்தான் அங்கே சிவக்கும் என்று உலகம்மாள் சொன்னதைப் பலவேசம் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்லுதது நெசமாத்தான் இருக்கணும்மா. பொழுது அடையட்டும், சுருட்டிருவோம். நாளைக்கு விரிக்க வேண்டாம். துணி நீலமானா ஆயிட்டுப் போகுது."

"நாளைக்கு இல்ல மாமா. என் தங்கச்சி வீட்டுக்காரரு இன்னைக்குக் கடல்ல இருக்காரு."

"இவரு இப்ப மாத்து மேல நடந்துக்கிட்டு இருக்காரே தாயி." அவர் துணியைக் காட்டினார். "நடக்கவர் காலுக்கடியிலருந்து மாத்த உருவுனவன் நம்ம துறையில உண்டா? மாப்பிள்ளைக்குச் செய்வமா? சாமிக்குச் செய்வமா? பொணத்துக்குக்கூடச் செய்ய மாட்டோமே."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதைவிடப் பெரிய அவமரியாதை அவர்களுக்குத் தெரியாது. உலகம்மாள் மாத்தின் கிழக்குக் கோடிக்குப் போய் நின்றாள். அந்தப் பக்கம் கொடிகளில் அவளுடைய நர்சிங் கல்லூரிச் சீருடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கு அப்பால் முப்பிடாதியின் மண்டபத்து விரிப்புகள். அதற்கு அப்பால் எல்லோருடையதும். ஆற்றைப் பார்த்தும், வெளிச்சத்தைப் பார்த்தும், ஒரு விருந்தாளியிடம் பேசுவதுபோலவே பேசினாள்.

"ஐயா, உங்கள மதிக்கலேன்னு நெனைக்காதீங்க. எங்க வாசல் வழியா வந்ததுக்கு நாங்க கொடுத்து வச்சவங்க. ஆனா உங்க சுமைய இங்ஙன எறக்கி வச்சாத்தான் அங்ஙன என் தங்கச்சி வீட்டுக்காரரு கரைக்குத் திரும்புவாரு. எறக்கி வையுங்க. நாங்க தாங்கிக்கிடுதோம்."

குனிந்து துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். துணி அசையவில்லை. நடக்கிறவரின் எடை அதன் மேல் இருந்தது. மறுபடி இழுத்தாள். துறையே துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"மைனி!" என்று முப்பிடாதி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "என் விரிப்பு பூராவும் கொடியில கெடக்கு! நாளைக்குக் கல்யாணம்! கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

"அருள்தாசு கடல்ல இருக்காருட்டி."

முப்பிடாதி மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள், தன் விரிப்புகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உலகம்மாளுக்குப் பக்கத்தில் வந்து துணியைப் பிடித்தாள். "கப்பலேறிப் போனாளே, ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லிட்டுப் போனாளா உங்க தங்கச்சி? இழுங்க. ஊருக்கு வந்தா ஒரு நேரம் சமைச்சுப் போடச் சொல்லுங்க. நல்லா இழுங்க மைனி, சோறு தின்னீங்களா இல்லையா?"

தங்கக்கனியும் வந்து பிடித்தாள். பலவேசம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார். "நான் எதையும் பாக்கல," என்றார் சத்தமாக. "எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் பாக்கல."

துணி சட்டென்று உருவிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் மணலில் மல்லாந்து விழுந்தார்கள். அவர்களுக்கு மேலே வெளிச்சம் தடுமாறியது. கால் வைக்க இடம் தேடுகிறவர் போல ஒரு கணம் ஆடி, பிறகு இத்தனை நாளாகச் சிந்தாமல் சுமந்ததையெல்லாம் சேர்த்துக் கொட்டியது. நீலம் சீருடைகளின் மேல் கொட்டியது, விரிப்புகளின் மேல் கொட்டியது, கல்லில், மணலில், வெள்ளாவிப் பானைகளில், ஆற்றில், அண்ணாந்து கிடந்த மூன்று முகங்களில் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த உலகம்மாளுக்கு அது நனைத்த துணியை நெற்றியில் போட்டதுபோலக் குளிர்ச்சியாக இருந்தது. இலேசாகிப்போன வெளிச்சம் அவர்களைத் தாண்டிக் கிழக்கே போனது.

ஐந்தரை மணிக்கு ஃபோன் வந்தது. காற்றின் சத்தமும், கரையில் நிறையப் பேர் நின்று கத்துகிற சத்தமும் கேட்டது.

"ஏட்டி, என்னட்டி ஆச்சு? என்ன நெறம்?"

"அக்கா..." அவள் அழுதாள். "நெறமா? எனக்குச் சொல்லத் தெரியலக்கா. எல்லா படகும் திரும்புது. கடலு பூராவும் திரும்புது." பிறகு மணலில் ஓடுகிற சத்தம். "அவுக படகு தெரியுது. நிக்காவ. கையக் காட்டுதாவ."

உலகம்மாள் நீலக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். தங்கைக்கு அது தெரியாது என்பதே அவளுக்கு நினைவில்லை.

அதன் பிறகு துணியை மடிக்கும் முன் ஒவ்வொன்றையும் பலமாக உதற வேண்டும் என்று துறை கற்றுக்கொண்டது. உதறிய நீலம் எழும்பி மேலே நின்று, கஞ்சி நிறத்தில் கிடந்த வானம் மறுபடி வானமாயிற்று. உதறியும் போகாத கொஞ்ச நீலத்துக்காகச் சில வாடிக்கைகள் போயின, சில பேசித் தீர்ந்தன, விடுதிக் காப்பாளர் அம்மா ஏசிக்கொண்டே தொடர்ந்தார். பாட்டில் நீலம் வாங்குகிறவர்கள் துறையில் இல்லாமல் போனார்கள். பலவேசம் கடைசிவரை தான் எதையும் பார்க்கவில்லை என்றே சொன்னார். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். செல்லக்கிளியின் ஃபோன் வந்து வெகுநேரம் கழித்து, துறையிலும் பொழுது இறங்கியது. பொதிகை மலைக்குப் பின்னால் சூரியன் போயிற்று. கொடிகளில் நீலத் துணிகள் ஆடிக்கொண்டிருக்க, எல்லோரும் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, மேற்கே வானம் சிவந்தது. முதலில் மலையின் ஓரத்தில் ஒரு கீற்று, பிறகு மலை முழுக்க, பிறகு ஆறு முழுக்க. தினமும் வருகிற சிவப்புதான். உலகம்மாள் பிறந்ததிலிருந்து வந்துகொண்டிருக்கிற சிவப்புதான். ஒருநாளும் அது எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டதில்லை.

கையிலிருந்த சீருடையைக் கல்லில் வைத்தாள். மேற்குப் பார்த்து நின்றாள். அந்தச் சிவப்பு தன்னிடம் வந்து சேர்வதற்கு, மலைக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் அந்தப் பக்கம், மத்தியானம் இன்னும் முடியாத ஏதோ ஓர் ஊரில், நீலம் முழுக்க யாருடைய வெள்ளையிலோ விழுந்திருக்கிறது. நேற்றும் விழுந்திருக்கிறது. அவள் பிள்ளையாக மணலில் விளையாடிய நாளிலும், கல்யாணமாகி இந்தத் துறைக்கு வந்த நாளிலும், கணவரை எடுத்துப் போன நாளிலும் விழுந்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் யாரும் மாத்து விரித்துத் தப்பித்துக்கொள்ளவில்லை. உலகம்மாள் கையைக் கூப்பினாள்.

முப்பிடாதி விரிப்புகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவள் நின்றாள். "அங்ஙன கோயில்கூட இல்லையே. யாருக்கு மைனி கும்பிடுதீங்க?"

"யாருன்னு தெரியலட்டி. மேக்க எவளோ ஒருத்தி. நமக்காக அவ துணி நீலமாப் போயிருக்கு."

முப்பிடாதி சிவப்பைப் பார்த்தாள். தலைச்சுமையைப் பார்ப்பதுபோலக் கண்ணை மேலே ஏற்றி இறக்கினாள். பிறகு மூட்டையை இறக்கி மணலில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தானும் கூப்பினாள்.

"பாவம், அவளும் யார்கிட்டயோ ஏச்சு வாங்கியிருப்பா," என்றாள். "மவராசி, நல்லாயிருக்கட்டும்."